பெரிய இன்ஜெக்டர் போட்ட வண்டிக்கு ஃப்யூல் பிரஷர் வைப்பது எப்படி?

வண்டிக்குப் பெரிய இன்ஜெக்டர் (எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) வாங்கிவிட்டீர்கள், அல்லது வாங்கப் போகிறீர்கள். பிரஷர் எவ்வளவு வைக்கணும் என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு எண் வரும். அதில் ஒருவராவது, "இன்ஜெக்டர் பெருசுதானே, பிரஷரைக் குறைச்சு விட்டா ஸ்டாக் ஈசியூவே சமாளிச்சுக்கும்" என்பார். (ஸ்டாக் என்றால் கம்பெனி பொருத்தித் தந்தது, ஈசியூ என்றால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்.) எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த யோசனை ஏன் தேறாது என்பதை ஒரு சின்னக் கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோலின் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பார் பிரஷரில் நிமிடத்துக்கு 440 சிசி தரும் இன்ஜெக்டர், 4 பாரில் 508 சிசிதான் தரும். 2 பாருக்கு இறக்கினாலும் 359 சிசி வந்துகொண்டிருக்கும். அதே இன்ஜெக்டர் ஸ்டாக்கின் 240 சிசி அளவுக்கு இறங்க வேண்டுமானால் பிரஷரை ஏறக்குறைய 0.9 பாருக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பிரஷரில் பெட்ரோல் பொடியாகத் தெறிக்காது, சொட்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆனாலே பெரிய விஷயம்.

ஆகவே பிரஷர் என்பது பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லை. இன்ஜெக்டர் எந்தப் பிரஷரில் அளக்கப்பட்டதோ (பெரும்பாலும் 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ) அதில் வைத்துவிட்டு, அப்புறம் அதைத் தொடாமல் மீதி எல்லாவற்றையும் ஈசியூவில் செய்ய வேண்டும். கீழே உள்ள படிகள் அதற்குத்தான்.

உதாரணத்துக்கு, டர்போ கிட் ஏற்றிய பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை எடுத்துக்கொள்கிறேன். கம்பெனியிலிருந்து 106 குதிரைத்திறனோடு வந்த வண்டி, இலக்கு 200. டீசல் காமன் ரெயில், நேரடியாகச் சிலிண்டருக்குள் அடிக்கும் ஜிடிஐ இரண்டுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அவற்றின் பிரஷர் நூறு, ஆயிரம் பார் கணக்கில் போகும். கை வைக்காதீர்கள்.

1. உங்கள் வண்டியில் ரிட்டர்ன் லைன் இருக்கிறதா என்று பாருங்கள்

பானட்டைத் திறந்து ஃப்யூல் ரெயிலை (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்) பாருங்கள். அதற்கு இரண்டு ஹோஸ் வந்தால், ஒன்று பெட்ரோல் கொண்டுவருவது, மற்றது மிச்சத்தை டேங்குக்குத் திருப்பி அனுப்புவது. ரெயிலின் ஒரு முனையில் உருண்டையாக, தலையில் மெல்லிய வேக்யூம் ஹோஸ் சொருகிய ஒரு பாகம் இருக்கும். அதுதான் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். பழைய ஹோண்டா, பழைய மாருதிகளில் இந்த ஏற்பாடுதான்.

ஒரே ஒரு ஹோஸ்தான் வருகிறது என்றால் அது ரிட்டர்ன் இல்லாத வகை. ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்ப்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். பிரஷரைத் திருகி மாற்ற வழியில்லை. இந்த வண்டிகளில் டர்போ போடாமல் இன்ஜெக்டரை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினால் ஸ்டாக் பிரஷரிலேயே விட்டுவிட்டு ஈசியூவில் கணக்கை மாற்றுவதே நல்லது. டர்போ என்றால் ரிட்டர்ன் லைன் இழுத்தாக வேண்டும் என்பார்கள். குறைந்த பூஸ்டுக்கு (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) கட்டாயமில்லை. அதிக பூஸ்டுக்கு இழுத்துவிடுவது நல்லது. டேங்கைக் கழற்றும் வேலை என்பதால் கூலியையும் நேரத்தையும் தனியாகக் கணக்கில் வையுங்கள்.

2. இன்ஜெக்டர் அளவும் அதோடு வர வேண்டிய தாள்களும்

அளவுக்கான சூத்திரம் எளிது. குதிரைத்திறனை டர்போ எஞ்சினுக்கு 0.6 ஆல் பெருக்குங்கள் (டர்போ இல்லையென்றால் 0.5). வருவதைச் சிலிண்டர் எண்ணிக்கையாலும் 0.8 ஆலும் வகுங்கள். அந்த 0.8 என்பது 80 சதவீத டியூட்டி சைக்கிள் (மொத்த நேரத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்கு), அதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. கிடைப்பது மணிக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு, 10.5 ஆல் பெருக்கினால் சிசி வந்துவிடும். 200 குதிரைத்திறன், நாலு சிலிண்டர் என்றால் 394 சிசி. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 440. அது போதும். "எதிர்காலத்துக்கு இருக்கட்டும்" என்று 1000 சிசி வாங்கினால் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) அதை அடக்கி ஆள்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

விற்பவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று விவரங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

முதலாவது, எத்தனை சிசி, எந்தப் பிரஷரில் என்பது. 3 பாரில் 440 என்பதும் 4 பாரில் 440 என்பதும் ஒன்றல்ல. பின்னது 3 பாரில் 381தான் தரும். பெட்டியில் பிரஷர் போடாமல் வெறும் சிசி மட்டும் அச்சிட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, டெட் டைம் அட்டவணை. மின்சாரம் போன நொடியிலேயே இன்ஜெக்டர் திறந்துவிடாது. சுமார் ஒரு மில்லிசெகண்ட் தாமதமாகும். பேட்டரி வோல்டேஜ் குறையக் குறைய இந்தத் தாமதம் கூடும். 8 வோல்ட் முதல் 16 வோல்ட் வரை எவ்வளவு என்ற பட்டியல் இல்லாத இன்ஜெக்டரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். படி 7இல் ஏன் என்று தெரியும்.

மூன்றாவது, நாலும் ஒரே அளவு தருகின்றன என்பதற்கான டெஸ்ட் தாள். பழைய செட் வாங்கினால், அல்ட்ராசோனிக் கிளீனிங் செய்து ஃப்ளோ பார்க்கும் மெஷின் உள்ள கடையில் கொடுத்து நீங்களே தாள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செட்டுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய் ஆகும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடினால் மற்ற மூன்றும் அதை மறைத்துவிடும். எக்ஸாஸ்ட் குழாயில் இருக்கும் சென்சார் சராசரியைத்தான் காட்டும்.

ரெசிஸ்டன்ஸையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12 முதல் 16 ஓம் என்றால் நேரடியாகப் போடலாம். 2, 3 ஓம் என்றால் ரெசிஸ்டர் பாக்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் ஈசியூவின் டிரைவர் எரியும். 90களின் ஹோண்டாக்கள் சிலவற்றில் கம்பெனியே ரெசிஸ்டர் பாக்ஸ் வைத்திருக்கும். அந்த வண்டியில் 12 ஓம் இன்ஜெக்டர் போட்டால் அந்த பாக்ஸை விலக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்கும். ஆதார் அல்லது பான், கூடவே பில். சுங்கம், ஜிஎஸ்டி, கூரியரின் கையாளும் கட்டணம் மூன்றும் விலையோடு ஏறும். ஆர்டர் போடும் முன்பே மொத்தம் எவ்வளவு வரும் என்று கூரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கத்தில் சரக்கு நின்றால் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் எல்லாப் பாகமும் கைக்கு வந்த பிறகே வண்டியில் பாகங்களைக் கழற்றத் தொடங்குங்கள்.

3. மற்ற சாமான்களும் செலவும்

அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ரெகுலேட்டர்: பேர் தெரியாத பிராண்ட் இரண்டு மூவாயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். நல்ல பிராண்ட் என்றால் பத்தாயிரத்தைத் தாண்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன். மலிவானவற்றில் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து பெட்ரோல் வேக்யூம் ஹோஸ் வழியாக நேராக எஞ்சினுக்குள் போவதும், ராத்திரிக்கு ராத்திரி பிரஷர் மாறுவதும் சகஜம்.

பம்ப்: ஸ்டாக் பம்ப் 106 குதிரைத்திறனுக்கு அளந்து வைத்தது. பிரஷர் ஏற ஏற எந்தப் பம்ப்பும் தரும் அளவு குறையும். மணிக்கு 255 லிட்டர் என்று எழுதியிருந்தால் அது எந்தப் பிரஷரில் என்று பாருங்கள். வால்ப்ரோ பம்ப்புகளுக்குப் போலி ஏராளம். அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஹோஸ்: இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). எத்தனால் பழைய ரப்பரைத் தின்றுவிடும். எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸையே வாங்குங்கள். டேங்குக்குள் முங்கி இருக்கும் துண்டுக்கு ஜே30ஆர்10. சாதாரண ஹோஸ் டேங்குக்குள் சில மாதங்களில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். கிளாம்ப், திருகின் பல் ரப்பரை வெட்டாத ஃப்யூல் இன்ஜெக்ஷன் வகையாக இருக்கட்டும்.

கேஜ்: ரெயிலில் மாட்டும் சின்ன கேஜ் ஆயிரம் ரூபாய்க்குள். கிளிசரின் நிரப்பிய கேஜ் எஞ்சின் சூட்டில் பொய் சொல்லும். உள்ளே காற்று விரிந்து முள்ளை நகர்த்தும். தலையில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து மூடினால் சரியாகும். எப்படியும் குளிர்ந்திருக்கும்போது பார்த்த எண்ணையே நம்புங்கள்.

வைடுபேண்ட் சென்சார் (எக்ஸாஸ்ட் புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கேஜோடு சேர்த்து ஏறக்குறைய இருபதாயிரம். எஞ்சின் ரீபில்டுக்கு ஆகும் காசோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை.

4. கழற்றுவது, மாட்டுவது

பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட்டுங்கள். லைனில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும். இன்னொரு முறை கிராங்க் செய்யுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஹோஸில் கை. தீயணைப்பு சிலிண்டர் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சூடான எஞ்சினில் வேலை கூடாது.

ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) எல்லாம் புதிதாகவே போடுங்கள், எஞ்சின் ஆயில் ஒரு துளி தடவி. இன்ஜெக்டரை ரெயிலில் நேராக அழுத்தினால் ஓ-ரிங் மடங்கி, ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு சீவல் கிளம்பும். உள்ளே மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, பிரஷர் ஏறியதும் ஒழுகும். லேசாகத் திருகிக்கொண்டே உள்ளே விடுங்கள். மாட்டிய பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழல வேண்டும். பிடித்துக்கொண்டால் உள்ளே ஓ-ரிங் மடங்கியிருக்கிறது.

ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸ், திராட்டிலுக்குப் பின்னால் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) தனி நிப்பிளிலிருந்து வரட்டும். பூஸ்ட் கேஜ், பிரேக் பூஸ்டர் லைனில் டி-ஜாயின்ட் போட்டுப் பிரித்துக் கொடுக்காதீர்கள்.

நிதானமாகச் செய்தால் காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் முடியும். பம்ப் மாற்றமும் சேர்ந்தால் ஒரு முழு நாள்.

5. ஸ்டார்ட் செய்யும் முன் ஒழுகல் பார்க்க வேண்டும்

பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். பம்ப் இரண்டு வினாடி ஓடி நிற்கும். நாலைந்து தடவை இப்படிச் செய்து, டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஒரு பொட்டு ஈரம் தெரிந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பம்ப் நின்றதும் கேஜ் முள்ளையும் கவனியுங்கள். மெதுவாக இறங்கினால் சரி. பொத்தென்று சுழியத்துக்கு விழுந்தால் பம்ப்பின் செக் வால்வோ, ரெகுலேட்டரோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம். ரிட்டர்ன் ஹோஸை ஒரு கிளாம்ப்பால் நெருக்கிப் பாருங்கள். அப்போது முள் நின்றால் குற்றவாளி ரெகுலேட்டர்.

6. பிரஷர் வைப்பது

முக்கியமான படி இதுதான். இரண்டு நிமிட வேலை, ஆனால் தப்பாக வைப்பவர்களே அதிகம்.

ஈசியூவில் புதிய இன்ஜெக்டருக்கான முதல் மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை; விவரம் படி 7இல்) ஏற்றிய பிறகு எஞ்சினை ஐடிலில் விடுங்கள். ரெகுலேட்டர் தலையில் உள்ள வேக்யூம் ஹோஸைக் கழற்றுங்கள். கழற்றிய ஹோஸின் வாயை அடைத்துவிடுங்கள்; ரெகுலேட்டரின் நிப்பிளைத் திறந்தே விடுங்கள். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். ஹோஸைத் திறந்து விட்டால் மேனிஃபோல்டுக்குள் காற்று புகுந்து ஐடில் எகிறும். ரெகுலேட்டரை அடைத்தால் உள்ளே மாட்டிய காற்று தப்பான எண்ணைக் காட்டும்.

இப்போது லாக் நட்டைத் தளர்த்தி, ஆலன் கீயால் நடுத் திருகைக் கால் சுற்று உள்ளே திருப்புங்கள். முள் ஏறும், லேசாக ஆடும். அடங்கும்வரை பொறுத்து அடுத்த கால் சுற்று. 3.0 பாரில் நின்றதும், ஆலன் கீயை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். நட் இறுகும்போது திருகும் கூடவே கொஞ்சம் திரும்பும், முள் நகரும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள்.

ஹோஸைத் திரும்ப மாட்டுங்கள். முள் 2.3, 2.4 பாருக்கு இறங்கும். "ஐயோ, குறைஞ்சிடுச்சே" என்று மறுபடி 3க்கு ஏற்றாதீர்கள். இறங்குவதுதான் சரி. ஐடிலில் மேனிஃபோல்டுக்குள் வெளிக்காற்றைவிட 0.6, 0.7 பார் குறைவாக இருக்கும். ரெகுலேட்டர் அதற்கேற்ப ரெயிலையும் இறக்குகிறது. இன்ஜெக்டரின் மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 3 பாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஹோஸ் மாட்டிய நிலையில் 3.0 வைத்துவிட்டால் உண்மையான பிரஷர் 3.6, எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட 10 சதவீதம் ரிச் (பெட்ரோல் அதிகம்).

திருகை முழுசாக வெளியே விட்டும் பிரஷர் 3க்குக் கீழே வரவில்லை என்றால் ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். பெரிய பம்ப் தள்ளுவதை ஸ்டாக் ரிட்டர்ன் பைப் விழுங்க முடியாமல் திணறுகிறது. ரிட்டர்ன் லைனைப் பெரிதாக்க வேண்டும்.

யூனிட்டிலும் ஒரு குழப்பம். பட்டறையில் "மூணு கிலோ" என்பது சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ, அது 2.94 பார். பரவாயில்லை ரகம்தான். ஆனால் கேஜில் பிஎஸ்ஐ வரிசையைப் பார்த்து 30 வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது 2 பார்தான்.

7. ஈசியூவில் செய்ய வேண்டியது

ஸ்டாக் மேப்பை முதலில் பேக்கப் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். டியூனரிடம் (ஈசியூ கணக்கை மாற்றித் தருபவர்) டேட்டா ஷீட்டைக் கொடுத்து சிசி, பிரஷர், டெட் டைம் மூன்றையும் போடச் சொல்லுங்கள். "டெட் டைம் எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்று சொல்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஸ்டாக் 240 சிசி இன்ஜெக்டர் ஐடிலில் 2.5 மில்லிசெகண்ட் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.9 டெட் டைம், 1.6 மட்டுமே நிஜமாகப் பெட்ரோல் போகும் நேரம். 440க்கு அந்த 1.6ஐத்தான் 0.545 ஆல் பெருக்க வேண்டும்: 0.87. டெட் டைமும் அதே 0.9 என்றால் மொத்தம் 1.77. டெட் டைமைப் பிரிக்காமல் 2.5ஐ மொத்தமாகப் பெருக்கினால் 1.36 வரும். அதில் டெட் டைம் போக மிஞ்சுவது 0.46, தேவையில் பாதிதான். ஹைவேயில் பறக்கும் வண்டி சிக்னலில் இருமி நிற்பது இதனால்தான். ராத்திரி ஹெட்லைட், ஏசி, ஃபேன் மூன்றும் சேர்ந்து வோல்டேஜ் இறங்கியதும் ஐடில் ஆடினால் அதுவும் டெட் டைம் அட்டவணையின் கோளாறு. அங்கே போய் ரெகுலேட்டரைத் திருகாதீர்கள். பிரஷர் மாறினால் டெட் டைமும் மாறும், போட்ட டியூன் மொத்தமும் வீண்.

வைடுபேண்டை லாம்டாவில் படியுங்கள். லாம்டா 1.00 என்றால் பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான அளவே காற்று, அதற்குக் கீழே போனால் ரிச். 14.7 என்ற காற்று-பெட்ரோல் விகிதம் சுத்தமான பெட்ரோலுக்கு. இ20க்கு அது ஏறக்குறைய 13.5. லாம்டாவில் எந்த எரிபொருளானாலும் 1.00 என்பது 1.00தான். முழு திராட்டிலில் டர்போவுக்கு 0.80 பக்கம், டர்போ இல்லாததற்கு 0.87 பக்கம் பாதுகாப்பான தொடக்கம்.

8. பூஸ்டில் பிரஷர் நிற்கிறதா?

ஐடிலில் சரியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1 பார் பூஸ்டில் ரெயில் 4.0 பார் காட்ட வேண்டும். டைனோவில் (வண்டியை நின்ற இடத்தில் உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் மெஷின்) பிரஷர் சென்சார் வைத்து லாக் (அளவுகளின் பதிவு) எடுப்பது உத்தமம். பெட்ரோல் நிறைந்த மெக்கானிக்கல் கேஜை எக்காரணம் கொண்டும் கேபினுக்குள் இழுக்காதீர்கள். டைனோக்காரரிடம் கட்டணம் மணிக் கணக்கா, ரன் கணக்கா என்பதையும், லாக் கோப்பு கையில் தருவாரா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

6000 ஆர்பிஎம் தாண்டியதும் 4.0க்குப் பதிலாக 3.6இல் நின்றால் வித்தியாசம் 2.6 பார்தான். பெட்ரோல் 7 சதவீதம் குறைகிறது, அதுவும் பிஸ்டன் உருகக்கூடிய இடத்தில். உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். புதுப் பம்ப் வாங்குவதற்கு முன், பம்ப் ஓடும்போது அதன் பிளக்கிலேயே வோல்டேஜ் அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 இருக்க, அங்கே 12க்குக் கீழே வந்தால் பழைய வயரிங்தான் காரணம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்துத் தடித்த வயர் இழுத்தால் முடிந்தது. ஃபில்டரையும் மாற்றுங்கள். இரண்டும் சரி என்றால் மட்டுமே பம்ப்.

9. ஆர்டிஓ, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதனால் இப்படிப்பட்ட வண்டிக்குச் சரியான இடம் இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் போன்ற ரேஸ் டிராக்குகள். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவது உத்தமம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் க்ளைம் நேரத்தில் நிச்சயம் தலைதூக்கும்.

புகைச் சான்றிதழில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு பார்ப்பார்கள். பிஎஸ்4 பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 0.3 சதவீதம். பெரிய இன்ஜெக்டர் ஐடிலில் கொஞ்சம் ரிச்சாக இருந்தாலே தாண்டிவிடும். ஐடிலை லாம்டா 1.00இல் நிறுத்தும்வரை டியூனரை விடாதீர்கள்.

முதல் டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும், எஞ்சின் ஆறியிருக்கும்போது படி 6ஐ இன்னொரு முறை செய்து பாருங்கள். லாக் நட் இளகியிருந்தால் அப்போது தெரிந்துவிடும். வேக்யூம் ஹோஸைக் கழற்றி முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, ரெகுலேட்டரை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.